பாசிக்குடாவுக்கு எந்த ஸ்நோர்க்கல் வாங்குவது?

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஓகஸ்ட் விடுமுறையில் அவரும் கணவரும் 12 வயது மகனும் மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிறார்கள். மூவருக்கும் ஓரளவு நீந்த வரும். ஸ்நோர்க்கல் என்பது முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்து மிதந்தபடி மூச்சு விட உதவும் குழாய். கடையில் அதில் நாலு வகை காட்டினார்களாம்: வெறும் குழாய், உச்சியில் மூடி போட்ட குழாய், தண்ணீர் பட்டால் தானாக அடைத்துக்கொள்ளும் குழாய், முகம் முழுவதையும் மூடும் மாஸ்க். கடைசியில் சொன்னதுதான் பாதுகாப்பு என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம். விலையும் அதற்குத்தான் கூட. கணவருக்குத் தாடி இருக்கிறது. தங்கச்சி ஸ்கார்ஃப் அணிபவர், மூக்குக்கண்ணாடியும் போடுகிறார், மைனஸ் 2. மகன் கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க முடியுமா என்று கேட்கச் சொன்னானாம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் இருவருக்கும் உச்சியில் சாதாரண தெறிப்பு மூடியும் அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வும் உள்ள குழாய். மகனுக்குச் சிறுவர் அளவில் வெறும் குழாய். முழுமுக மாஸ்க் வேண்டாம். மிஞ்சும் காசை நல்ல கண் மாஸ்க்குக்குப் போடுங்கள்.

ஸ்நோர்க்கல் வாங்கப் போகிற எல்லோருக்கும் ஒரே பயம், தண்ணீர் உள்ளே வந்துவிடுமோ என்பது. விலை கூடிய சாமான்கள் அந்தப் பயத்தை வைத்துத்தான் விற்கப்படுகின்றன. குழாய்க்குள் தண்ணீர் வரத்தான் செய்யும். அதை ஊதித் தள்ளுவதை ஒரு காலைப்பொழுதில் பழகிவிடலாம். எவ்வளவு பழகினாலும் மாற்ற முடியாதது குழாய் உங்கள் மூச்சுக்குக் கொடுக்கும் தடை. அதனால் நான் எந்த ஸ்நோர்க்கலைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது காற்று எவ்வளவு இலேசாகப் போய் வருகிறது என்பதைத்தான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். சும்மா இருக்கும்போது ஒரு பெரிய ஆள் ஒரு மூச்சில் ஏறத்தாழ அரை லீற்றர் காற்றை இழுக்கிறார். அதில் சுமார் 150 மில்லிலீற்றர் தொண்டையிலும் மூச்சுக் கிளைகளிலும் நின்று, நுரையீரலுக்குப் பயன்படாமலே திரும்பி வந்துவிடும். இப்போது 38 சென்ரிமீற்றர் நீளமும் 2.2 சென்ரிமீற்றர் உள்விட்டமும் உள்ள ஒரு குழாயை வாயில் வைத்தால், அதன் கொள்ளளவு இன்னும் 145 மில்லிலீற்றர். நீங்கள் வெளியே விட்ட பழைய காற்று அந்தக் குழாயில் நிற்கும், அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவது அதுதான். அரை லீற்றர் மூச்சில் புதுக் காற்று 200 மில்லிலீற்றரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதையே ஆறுதலாக ஒரு லீற்றராக இழுத்தால் 700 மில்லிலீற்றர் புதுக் காற்று கிடைக்கும். பதற்றத்தில் நாய் மாதிரி மேல்மூச்சு வாங்கினால் சொந்தக் காபனீரொட்சைட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பீர்கள்; அது கூடக் கூடப் பதற்றமும் கூடும். ஸ்நோர்க்கலில் மூச்சு ஆழமாகவும் மெதுவாகவும் இருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அப்படியானால் மெல்லிய குழாய் நல்லதா என்றால், அதுவும் இல்லை. குழாய் ஒடுங்கினால் தடை வேகமாக ஏறும். உள்விட்டம் 2 சென்ரிமீற்றரிலிருந்து 1.6 ஆகக் குறைந்தாலே அதே காற்றை இழுக்க இரண்டு மடங்குக்கு மேல் பலம் வேண்டும். பெரியவர்களுக்கு 2 சென்ரிமீற்றருக்குக் குறையாத உள்விட்டம், 35 முதல் 38 வரை நீளம், உள்ளே வழவழப்பு. இதற்குள் இருந்தால் நல்லது. பெட்டியில் ஈ.என். 1972 என்று அச்சிட்டிருந்தால் அது ஸ்நோர்க்கலுக்கான ஐரோப்பியத் தரம். அச்சடிப்பது யாராலும் முடியும் என்பதால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

நீளமான குழாய் வாங்கினால் ஆழத்திலேயே கிடந்து பார்க்கலாமே என்று ஒவ்வொரு சீசனிலும் யாராவது கேட்பார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டி முயன்ற பொடியன்களையும் கண்டிருக்கிறேன். ஒரு மீற்றர் ஆழத்தில் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் தண்ணீர் கூடுதலாக 100 கிராம் அளவில் அமுக்கும். நெஞ்சின் முன்பக்கம் 600 சதுர சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 60 கிலோ. ஒரு ஆள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, மேலே இருக்கும் சாதாரண காற்றை இழுக்கப் பாருங்கள். முடியாது. ஸ்நோர்க்கல் கட்டையாக இருப்பது மிச்சம் பிடிக்க அல்ல.

இனி அந்த நாலு வகையும். வெறும் குழாயில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. வால்வு இல்லை, மிதவை இல்லை, மணல் சிக்க இடமில்லை. மூச்சுப் பிடித்து அடியில் போய் வருகிறவர்கள், தண்ணீருக்குள் ஈட்டியால் மீன் பிடிக்கப் போகிறவர்கள், பழைய சுழியோடிகள் எல்லாரும் வைத்திருப்பது இதைத்தான். குறை ஒன்றுதான்: சின்ன அலை தெறித்தாலும் தண்ணீர் உள்ளே வரும், ஊதத் தெரிந்திருக்கவேண்டும்.

தெறிப்பு மூடி என்பது உச்சியில் பக்கவாட்டுக் கீறல்களோடு இருக்கும் ஒரு தொப்பி. முற்றாக அடைக்காது. படகு போன அலையில் தெறிக்கும் தண்ணீரின் பெரும்பகுதியை வெளியே திருப்பிவிடும். இந்த வகையில் பெரும்பாலும் வாய்க்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணமும் அதன் அடியில் ஒருவழி வால்வும் இருக்கும். வந்த தண்ணீர் அந்தக் கிண்ணத்தில் தேங்கும். கொஞ்சம் பலமாக ஊதினால் கீழ்வழியே போய்விடும், 35 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தள்ளத் தேவையில்லை. பெண்களுக்கும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. இதற்கு எதிரி மணல். வால்வின் மெல்லிய சிலிக்கோன் தகட்டுக்குக் கீழே ஒரு மணல் துணிக்கையோ ஒரு தலைமுடியோ சிக்கினால், தண்ணீர் கீழிருந்து கசிந்துகொண்டே இருக்கும். பாசிக்குடாவில் கரையில் வைத்த குழாயை அப்படியே வாயில் வைக்காமல், தண்ணீரில் ஒருதரம் அலசிவிட்டுப் போடுங்கள்.

தானாக அடைக்கும் வகையில் உச்சியில் ஒரு மிதவை இருக்கும். குழாயின் உச்சி அமிழ்ந்தால் மிதவை எழும்பி அதன் துவாரத்தை அடைத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அலை கொஞ்சம் துள்ளும் நாளில், நீங்கள் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது பாதியில் அடைக்கும். தண்ணீர் வாய்க்குள் வந்தால் துப்பத் தெரியும். காற்று சட்டென்று நின்றால் புதிய ஆளுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. உப்புப் படிந்தால் மிதவை இறுகும். அடியில் போய் வருகிறவர்களுக்கு உள்ளே அடைபட்ட காற்று குழாயை மேலே இழுத்துத் தொந்தரவு தரும். தண்ணீர்மட்டத்திலேயே மிதந்து பார்ப்பவர் பாவிக்கலாம்தான். காசு கொடுத்து வாங்க நான் சொல்லமாட்டேன்.

முழுமுக மாஸ்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இப்போது எல்லோருக்கும் அதில்தான் ஆசை. டெகத்லோன் நிறுவனம் 2014இல் ஈஸிபிரெத் என்ற பெயரில் இறக்கியதோடு இது உலகமெங்கும் பரவியது. பார்வை விசாலம், மூக்காலும் மூச்சு விடலாம், வாயில் எதையும் கடிக்கத் தேவையில்லை. உண்மையில் சுகமான சாமான்தான். சிக்கல், அதற்குள் நிற்கும் காற்றின் அளவு. ஒழுங்கான தயாரிப்பில் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் தனித்தனி வழியும், இடையில் ஒருவழி வால்வுகளும் இருக்கும். மலிவு நகல்களில் அந்த வால்வுகள் சரியாகப் பொருந்தாமல் பழைய காற்று முகத்தைச் சுற்றியே சுழலும். எது நகல் என்று கடையில் வைத்துப் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

இன்னொன்று, தண்ணீர் புகுந்தால் சாதாரணக் குழாயை வாயிலிருந்து துப்பிவிட்டு நிமிரலாம். முழுமுக மாஸ்க்கைத் தலையின் பின்னால் இருக்கும் பட்டிகளோடு சேர்த்துக் கழற்றவேண்டும். பதறுகிற கைக்கு அது சுலபமான வேலை இல்லை. மூக்கைப் பிடித்துக் காது அடைப்பை எடுக்கவும் பெரும்பாலான மாதிரிகளில் வழி இல்லை, ஆகவே இரண்டு மீற்றர் கீழே போனாலே காது வலிக்கும். ஹவாயில் ஸ்நோர்க்கல் மரணங்களைப் பற்றி ஒரு ஆய்வு நடந்தது. குழாயின் தடைக்கு எதிராக மூச்சை வலிந்து இழுப்பதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மரணங்களுக்குக் காரணமாக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. முழுமுக மாஸ்க்கை மட்டும் அவர்கள் குற்றவாளி ஆக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தடை மாதிரிக்கு மாதிரி வேறுபட்டது. எளிமையான குழாய்களில் பொதுவாகக் குறைவாக இருந்தது. உங்கள் வீட்டில் தாடியும் ஸ்கார்ஃபும் மூக்குக்கண்ணாடியும் இருப்பதால், அந்த மாஸ்க் மூன்று காரணங்களாலும் பொருந்தாது. கடைக்காரரோடு விவாதிக்கத் தேவையில்லை, வேண்டாம் என்று விடுங்கள்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டுக் குழாயை வாயில் வையுங்கள். உச்சியை உள்ளங்கையால் இறுக்கி மூடி, காற்றை இழுங்கள். ஒன்றும் வராமல் நாக்கில் ஒட்டிப் பிடித்தால் அடி வால்வு சரி; எங்கிருந்தோ காற்று வந்தால் அங்கிருந்துதான் தண்ணீரும் வரும். பிறகு கையை எடுத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் ரெண்டு மூன்று தரம் வேகமாக நடந்து மூச்சு விட்டுப் பாருங்கள். இழுத்து வாங்குகிற மாதிரி இருந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கடையில் சனம் பார்க்கும்தான், பார்க்கட்டும். கணவர் பிடிவாதமாகத் தானாக அடைக்கும் வகையையே எடுத்தால், அதைத் தலைகீழாகப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: மிதவை விழுந்து முற்றாக அடைக்கவேண்டும், நிமிர்த்தியதும் சிக்காமல் திறக்கவேண்டும்.

வாய்ப்பகுதி சிலிக்கோனாக இருக்கட்டும். மலிவான பிளாஸ்டிக் வகை ஒரு வெயில் காலத்திலேயே இறுகி முரசைத் தேய்க்கும். பல்லுக்கிடையில் போகும் அந்த இரண்டு கட்டைகளும் உங்கள் வாய்க்கு அளவாக இருக்கவேண்டும். உதடு சுற்றிவர மூடவேண்டும். கடித்துப் பிடிக்கத் தேவையில்லாமல் சும்மா நிற்பதுதான் சரியான அளவு. அரை மணித்தியாலத்தில் தாடை வலித்தால் காரணம் அளவு பிழை, அல்லது குழாய் ஒரு பக்கம் இழுக்கிறது. மாஸ்க் பட்டியோடு குழாயைக் கோர்க்கும் கிளிப்பை மேலே கீழே நகர்த்தினால் இழுவை போய்விடும். குழாய் இடது பக்கம் வருவது வழக்கம். கீழ்ப்பகுதி மடிப்பு மடிப்பாக வளையும் குழாய்கள் சிலிண்டரோடு இறங்குகிறவர்களுக்கு வசதி. நமக்கு அந்த மடிப்புகளில் தண்ணீர் தங்கிக் கொறகொறக்கும், அவ்வளவுதான். நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உச்சி செம்மஞ்சளாகவோ மஞ்சளாகவோ இருக்கவேண்டும். பாசிக்குடாவில் கண்ணாடி அடி படகும் ஸ்பீட் போட்டும் ஓடும். ஓட்டுகிறவருக்குத் தண்ணீர்மேல் தெரிவது அந்த ஒரு சாண் நிறம் மட்டும்தான்.

இனி கண் மாஸ்க். அதைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால், கையை எடுத்த பிறகும் அது முகத்தில் நிற்கவேண்டும். கண்ணாடி கடினமாக்கப்பட்டதாக இருக்கவேண்டும், மூக்கை வெளியிலிருந்து பிடிக்க இடம் இருக்கவேண்டும். நீச்சல் கொகிள்ஸ் உதவாது, அதில் மூக்கு வெளியே நிற்கும். கணவருக்கு: கண் மாஸ்க்குக்குத் தாடி அவ்வளவு பிரச்சினை இல்லை, மீசைதான். மூக்குக்குக் கீழே ஒரு சின்ன ஓரத்தை மட்டும் ஒட்டக் கத்தரித்தால் கசிவு பாதியாகும். மீதிக்குச் சிலிக்கோன் கிரீஸ் பூசலாம். வாஸ்லின் வேண்டாம், றப்பர் பாகங்களைக் கெடுக்கும். தங்கச்சிக்கு: ஸ்கார்ஃப் ஓரம் மாஸ்க் விளிம்புக்குள் ஒரு இடத்தில் போனாலும் தண்ணீர் வரும். நெற்றியையும் கன்னத்தையும் விட்டு ஒட்டிப் பிடிக்கும் நீச்சல் தொப்பியை முதலில் போட்டு, மாஸ்க்கை முகத்தில் நேராகப் பொருத்தி, பட்டி தொப்பிக்கு மேலால் போனால் சரி. மைனஸ் 2க்குக் கண்ணாடி மாற்றக்கூடிய மாஸ்க் உண்டு, அரை அரைப் புள்ளியாக வரும்; சுழியோடல் சாமான் விற்கும் இடங்களில் சொல்லி எடுக்கலாம். தண்ணீருக்குள் எல்லாம் கால்பங்கு கிட்டத்தில் தெரியும் என்பதால், அது இல்லாவிட்டாலும் இரண்டு மீற்றரில் நிற்கும் மீனைப் பார்க்கலாம்.

மகனுக்குப் பெரியவர்களின் குழாயைக் கொடுக்கவேண்டாம். அவனுடைய மூச்சு சின்னது, பெரிய குழாயில் நிற்கும் பழைய காற்று அவனுக்கு விகிதத்தில் இன்னும் கூட. 30 சென்ரிமீற்றர் அளவில், சின்ன வாய்ப்பகுதியோடு உள்ளதைப் பாருங்கள். நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டோடு விடுங்கள். முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதக்க அது இடைஞ்சல் இல்லை.

ஊதிப் பழகுவதற்குப் பாசிக்குடாவை விட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவுதான். நின்றபடி குனிந்து முகத்தை வைத்து, முதலில் சும்மா மூச்சு விடுங்கள். பிறகு வேண்டுமென்றே குழாயை அமிழ்த்தித் தண்ணீர் நிரப்பி, மேலே வந்து "தூ" என்று ஒரே வீச்சில் ஊதுங்கள். நீட்டி ஊதினால் தண்ணீர் பாதி ஏறித் திரும்பி விழும். ஊதி முடிந்ததும் உள்ளே இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே அடுத்த மூச்சை எடுங்கள்: நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி, மெல்ல. அப்போது மிச்சத் தண்ணீர் நாக்கில் தடுபடும், தொண்டைக்குப் போகாது. ஒவ்வொரு முறையும் ஊதுவதற்குக் கொஞ்சம் காற்றை நெஞ்சில் மிச்சம் வைத்திருக்கவேண்டும். மகன் அடியில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டால், போகுமுன் மளமளவென்று பலதரம் மூச்சு வாங்குவதை அனுமதிக்காதீர்கள். தண்ணீருக்குள்ளேயே மயங்கிப்போக அது வழி.

காலையில் போங்கள். ஓகஸ்டில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கரையோரத்தில் தண்ணீர் தட்டையாக, ஆபத்தே இல்லாத மாதிரித் தெரியும். முகத்தைக் கவிழ்த்து மிதக்கிற ஆளை அது சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோகும். அடிக்கடி நிமிர்ந்து கரையில் ஒரு அடையாளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்குடாப் பக்கம் திறந்த கடல், அங்கே பழகவேண்டாம். முருகைக்கல் பார்க்கக் காயான்கேணிக்குப் படகில் போவதானால், அது 2019இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். கல்லில் காலூன்றி நிற்காமல் மிதந்தே பார்க்கப் பழகிய பிறகு போங்கள். அறுகம்பைக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், அந்த மாதத்தில் அங்கே அலையும் அலைச்சறுக்குகிறவர்களும்தான். மட்டக்களப்பு வாவியில் மாஸ்க் போட்டு எட்டிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கலங்கல் தண்ணீர், முதலையும் உண்டு.

அங்கே வாடகைக்கு எடுக்கலாமே என்றால், மாஸ்க்கும், காலில் போடும் துடுப்பான ஃபின்னும் எடுக்கலாம். குழாய் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்; வாடகைக் குழாய் ஊரார் வாயில் போய் வந்தது. திரும்பி வந்து நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். காருக்குள் வெயிலில் கிடந்தால் சிலிக்கோன் வளைந்தபடியே நின்றுவிடும்.

ஹேர்மிஸ் விஷயம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. ஸ்நோர்க்கலோடு மேலே மிதந்தால் நீலத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். சிலிண்டர் கட்டிப் பொழுதுபோக்காகச் சுழியோடுகிறவர்களுக்கே எல்லை 40 மீற்றர். இது அதற்கும் கீழே, தனிப் பயிற்சி பெற்றவர்கள் இறங்கும் இடம். மகனுக்கு இப்போது வயது 12தானே. இந்த விடுமுறையில் அவன் குழாயை ஊதப் பழகட்டும், மற்றது பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.